வெயிலுக்கு ஒரு சங்கம்

1946-இல் பாலுக்குச் சங்கம் வைத்தது குஜராத்தின் கேடா மாவட்டம். சரியாக 70 வருஷம் கழித்து, அதே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆறு விவசாயிகள் வெயிலுக்கும் ஒரு சங்கம் வைத்தார்கள். ஊரின் பெயர் டுண்டி. கிருஷ்ணன் கோயிலுக்குப் பேர்போன டாக்கோர் இருக்கும் அதே தாஸ்ரா தாலுகா. சங்கத்தின் பெயர் டுண்டி சௌர் ஊர்ஜா உத்பாதக் சஹகாரி மண்டலி. சூரிய சக்தியில் பாசனம் செய்பவர்களுக்காக உலகில் அமைந்த முதல் கூட்டுறவுச் சங்கம் இதுதான் என்கிறார்கள்.

சங்கம் செய்யும் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உறுப்பினர்கள் வயலில் சோலார் பலகை நட்டிருக்கிறார்கள். பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நாளில் அந்தக் கரண்டில் மோட்டார் ஓடும். வேண்டாத நாளில் எல்லோருடைய கரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மின் நிறுவனத்துக்குப் போகும், அதற்குக் காசு வரும். கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் டீசல் விலை, வறண்ட நிலத்தடி நீர், மின்வாரியங்களின் கடன், பால் சங்கங்கள் கற்றுத்தந்த பாடம் என்று பல கதைகள் இருக்கின்றன.

முதலில் தண்ணீர்க் கதை. இந்திய விவசாயிகளில் நூற்றுக்கு 86 பேர் ஐந்து ஏக்கருக்கும் குறைந்த நிலம் வைத்திருப்பவர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், இரண்டே முக்கால் ஏக்கர்கூட முழுசாகத் தேறாது. பருவமழை பதினைந்து நாள் தள்ளிப்போனாலோ, பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஒரு மாதம் முகம் காட்டாமல் இருந்தாலோ, இந்த நிலத்தைக் காப்பாற்றுவது ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர்தான். அந்த நேரத்தில் வாய்க்காலை நம்ப முடியாது. நிலத்துக்கு அடியில் இருப்பதை இறைத்தாக வேண்டும். பருவநிலை மாற்றம் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே, தப்பும் மழைக்குச் சிறு விவசாயி கண்டுபிடித்து வைத்திருந்த பதில் கிணறும் மோட்டாரும்தான். உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை இறைக்கும் நாடாக இந்தியா ஆனது இப்படித்தான்.

இறைப்பதற்குச் சக்தி வேண்டுமே. டுண்டியில் சங்கம் வைத்தவர்களின் வயலுக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. டீசல் இன்ஜின்தான் கதி. சொந்தமாக இன்ஜின் இருந்தால் டீசல் வாங்கி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் வைத்திருப்பவரிடம் மணிக்கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் விலையை ஏற்றிவந்த மத்திய அரசு, 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே கைவிட்டது. டீசல் ஏறினால் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் நாலு தண்ணீர் கேட்கும் பயிருக்கு மூன்று தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். விளைச்சல் குறைவது அங்கிருந்துதான் தொடங்கும்.

கரண்ட் இணைப்பு இருந்த பகுதிகளில் வேறு விதமான சிக்கல். மானிய விலையில் கரண்ட் கிடைத்ததால் மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. வட குஜராத்தின் மேசாணா, பனாஸ்காந்தா மாவட்டங்களில் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மின்வாரியத்துக்கோ ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டம். 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் குஜராத் அரசு ஊருக்கு ஒரு கம்பி, வயலுக்கு ஒரு கம்பி என்று தனித்தனியாகப் பிரித்தது. வீடுகளுக்கு 24 மணி நேரம், வயலுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று அளவு வைத்தது. நஷ்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் மோட்டாரை ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசைக்குக் கட்டுப்பாடு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் சோலார் பலகை மலிந்தது. 2010-க்குப் பிறகு அதன் விலை வருஷா வருஷம் சரிந்தது. ராஜஸ்தான் அரசு 80 சதவீதத்துக்கும் மேல் மானியம் கொடுத்து சோலார் பம்ப் வைக்க உதவியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. டீசல் புகை இல்லை, கரண்ட் பில் இல்லை, இரவில் எழுந்து மோட்டார் போட வேண்டியதில்லை. விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தபோது ஒருவர் மட்டும் கவலைப்பட்டார். அவர் துஷார் ஷா. குஜராத்தின் ஆனந்த் நகரில் இருந்துகொண்டு தெற்காசிய நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். 2009-இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். கொழும்புக்கு அருகே தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்தவர். அவருடைய கவலை எளிமையானது. பலகையை மாட்டும் வரைதான் செலவு. மாட்டிவிட்டால் அடுத்த 20, 25 வருஷத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் பத்து மணி நேரம் ஓட்டினாலும் செலவு ஒன்றேதான். காசு கேட்காத குழாயை யார் மூடுவார்கள்? டீசலில் இருந்த ஒரே நல்ல குணம், அது விலை கேட்டுக்கொண்டே இருந்ததுதான். அந்த விலையும் போய்விட்டால், வெயில் அடிக்கும் நேரமெல்லாம் தண்ணீர் மேலே வந்துகொண்டே இருக்கும். வறட்சியைத் தாங்க வைத்த பம்பே அடுத்த வறட்சிக்கு வேண்டிய தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும்.

இதற்கு வழக்கமான மருந்து தடை விதிப்பது, மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்குவது. இரண்டும் இந்தியாவில் எடுபடாது என்பதை அவர் அறிவார். நாடெங்கும் சுமார் 2 கோடிக் கிணறுகள் இருக்கின்றன. எந்தக் கிணற்றுக்கு எந்த அதிகாரி காவல் நிற்பார்? எனவே அவர் பிரச்சினையைத் தலைகீழாகப் புரட்டினார். தண்ணீர் இறைப்பதற்குக் காசு கேட்க முடியாவிட்டால், இறைக்காமல் இருப்பதற்குக் காசு கொடுக்கலாமே. மோட்டார் ஓடாத நேரத்தில் பலகையில் விளையும் கரண்டை மின் நிறுவனம் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும். அப்போது விவசாயி கையிலிருக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு விலை வந்துவிடும். இறைக்க வேண்டுமா, விற்க வேண்டுமா என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வெயிலை ஒரு பயிராகப் பார்க்கச் சொன்னார் துஷார் ஷா. அதுவும் காசு தரும் பயிர். பூச்சி அரிக்காது, சந்தையில் விலை விழாது, அறுவடைக்கு ஆள் தேட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மழை பொய்க்கும் வருஷத்தில் மேகம் குறைவு, வெயில் அதிகம். மற்ற பயிரெல்லாம் காயும் வருஷத்தில் நன்றாக விளையக்கூடிய ஒரே பயிர் இது. பயிர்க் காப்பீட்டில் நஷ்டத்தை அளந்து, மனு எழுதி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே வானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பக்கத்து வருமானம் நிற்கிறது. சிறு விவசாயி மாறிவரும் வானிலையைத் தாங்குவதற்கு இதைவிட நேரான ஏற்பாடு குறைவு.

யோசனையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. ஆனந்த் மாவட்டத்து விவசாயி ஒருவரின் சோலார் பம்பை மின்கம்பியோடு இணைத்து, உபரியை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாக துஷார் ஷாவின் ஆய்வுத் திட்டமே உறுதி கொடுத்தது. 2015-இல் அவர் கைக்கு ஒரு காசோலை வந்தது: 1,500 யூனிட்டுக்கு, யூனிட் 5 ரூபாய் வீதம், 7,500 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் கரண்டுக்காகக் காசு கட்டியே பழகிய விவசாயிக்குக் கரண்ட்டிலிருந்து காசு வந்தது என்பது பெரிய செய்தி.

அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. ஒருவருக்குச் செய்ததை ஒரு லட்சம் பேருக்குச் செய்ய முடியுமா? மின் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பெருந்தொல்லை. வயலுக்கு வயல் கம்பி இழுக்க வேண்டும், மீட்டர் படிக்க வேண்டும், மாதத்துக்குச் சில நூறு ரூபாய்க்குத் தனித்தனிப் பில் போட வேண்டும். கள்ளத்தனமாகக் கம்பியிலிருந்து கரண்டை எடுத்து அதையே சோலார் கரண்ட் என்று திருப்பி விற்பவர்களையும் பிடிக்க வேண்டும். வரும் கரண்டைவிடக் கணக்குப் பார்க்கும் செலவே அதிகமாகிவிடும்.

இதற்கு விடை கண்ணெதிரிலேயே இருந்தது. ஆனந்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் காலையும் மாலையும் அது நடந்துகொண்டிருந்தது. பால் பண்ணை எந்தக் காலத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் போய் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று வாங்கியதில்லை. ஊர்ச் சங்கம் பாலை வாங்கும், கொழுப்பு பார்க்கும், கணக்கில் ஏற்றும். பண்ணை சங்கத்திடம் மட்டும் பேசும். 1946 ஜனவரியில் சமர்க்கா ஊரில் கூடிய விவசாயிகள் தீர்மானித்ததும் இதைத்தான்: தரகர் கையில் போகாமல், சங்கத்தின் மூலம்தான் பால் போக வேண்டும், பம்பாய் அரசு சங்கத்திடமே வாங்க வேண்டும். பதினைந்து நாள் பால் கொடுக்காமல் போராடிய பிறகே அது நடந்தது. அந்த வருஷ டிசம்பரில் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம்தான் பின்னர் அமுல் ஆயிற்று.

துஷார் ஷாவுக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மாவின் இயக்குநராக இருந்தவர் அவர். கூட்டுறவுச் சங்கங்களில் சில தழைப்பதும் பல பெயரளவில் கிடப்பதும் எதனால் என்பதைப் பற்றி 1996-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். உறுப்பினரின் பிழைப்புக்கு மையமான வேலையைச் செய்யும் சங்கமே நிற்கும் என்பது அதன் சாரம். தண்ணீரைவிட மையமான வேலை விவசாயிக்கு ஏது? நிலத்தடி நீர் ஆய்வும் கூட்டுறவு ஆய்வும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால், ஒன்றின் கேள்விக்கு மற்றதில் விடை கிடைத்தது.

2016-இல் டுண்டியில் சங்கம் பிறந்தது. டாடா அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்திய நீர்க் கொள்கைத் திட்டமும், பருவநிலை மாற்றமும் வேளாண்மையும் பற்றிய சர்வதேச ஆய்வுத் திட்டமும் பணம் போட்டன. முதலில் முன்வந்தவர்கள் ஆறே பேர். அவர்களில் மூன்று பேருக்கு 5 குதிரைத்திறன் மோட்டாரும் 8 கிலோவாட் பலகையும். மற்ற மூவருக்கு 7.5 குதிரைத்திறன் மோட்டாரும் 10.8 கிலோவாட் பலகையும். மொத்தம் 56.4 கிலோவாட். கிலோவாட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் உறுப்பினர்கள் பங்கு கொடுத்தார்கள். மீதியைத் திட்டம் ஏற்றது.

மின் நிறுவனமான மத்திய குஜராத் விஜ் கம்பெனி சங்கத்தோடு 25 வருஷ ஒப்பந்தம் போட்டது: யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. பதிலுக்கு உறுப்பினர்கள் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். அந்த 25 வருஷமும் மானிய விலைக் கரண்ட் இணைப்புக்கு விண்ணப்பிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மின் நிறுவனத்துக்கு இதுதான் உண்மையான லாபம். ஒவ்வொரு மானிய இணைப்பும் பல வருஷ நஷ்டம் அல்லவா? இதற்கு மேல் ஆய்வுத் திட்டம் தன் பங்குக்குப் பசுமை மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசும், தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக இன்னொரு 1 ரூபாய் 25 காசும் ஊக்கத்தொகையாகச் சேர்த்தது. ஆக மொத்தம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 13 காசு.

இந்த 7 ரூபாய் 13 காசு வயலில் என்ன செய்தது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் செலவாகும். அந்த ஒரு மணி நேரம் மோட்டாரைப் போடாமல் கரண்டைக் கம்பியில் விட்டால் 28 ரூபாய் 52 காசு. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பலகை 4 முதல் 5 யூனிட் வரை தரும். 8 கிலோவாட் வைத்திருப்பவருக்கு, முழுநாளும் விற்றால், 230 முதல் 285 ரூபாய் வரை தேறும். முன்பு வரப்பு நிரம்பி வழியும் வரை மோட்டாரை ஓடவிட்டவர், இப்போது பாத்தி நனைந்ததும் நிறுத்தினால் அந்த அரை மணி நேரத்துக்கும் காசு உண்டு. வழிந்தோடிய தண்ணீருக்கு முன்பு விலையே இருந்ததில்லை.

ஒவ்வொரு உறுப்பினரின் வயலிலும் ஒரு மீட்டர். எல்லாம் சேரும் இடத்தில் ஒரு பெரிய மீட்டர். மின் நிறுவனம் பெரிய மீட்டரை மட்டும் பார்க்கும், சங்கத்தின் பெயருக்குப் பணம் அனுப்பும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பிரிப்பது சங்கத்தின் வேலை. ஒருவருடைய இன்வெர்ட்டர் பழுதானாலும், கம்பியில் கரையும் யூனிட்டை யார் தலையில் கட்டுவது என்ற வாக்குவாதம் வந்தாலும், தீர்ப்பு ஊருக்குள்ளேயே. பலகைகள் பிடித்த இடமும் வீணாகவில்லை. அவற்றின் நிழலில் பசலைக்கீரை, கேரட், பீட்ரூட், பூண்டு என்று போட்டுப் பார்த்தார்கள், வந்தன.

முதலில் ஒதுங்கி நின்று பார்த்தவர்களில் மூன்று பேர் பிறகு சேர்ந்தார்கள். ஆளுக்கு 5 கிலோவாட். மொத்தத் திறன் 71.4 கிலோவாட் ஆனது. இவர்கள் கொடுத்த பங்கு கிலோவாட்டுக்கு 25,000 ரூபாய். முதல் ஆறு பேர் கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு. வெயிலுக்கு ரொக்கம் வருவதைப் பக்கத்து வயலில் பார்த்ததுதான் காரணம். எந்த விளம்பரமும் இதைச் சாதித்திருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. சங்க உறுப்பினர்கள் கரண்டை மட்டும் விற்கவில்லை. பலகை வைக்காத பக்கத்து நிலத்துக்காரர்களுக்குத் தண்ணீரும் விற்றார்கள், டீசல் தண்ணீரைவிடக் குறைந்த விலைக்கு. ஊருக்கு இது நல்லது. நிலத்தடி நீருக்கு எப்படி? கரண்ட் விலையைவிடத் தண்ணீர் விலை கூடினால் மோட்டார் ஓடத்தான் செய்யும். யூனிட் விலை தண்ணீருக்கு ஓர் அடிமட்ட விலையை வைக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் வீணாகாது, அவ்வளவுதான். கேடா மாவட்டமோ மாஹி ஆற்றுக் கால்வாய் பாயும் பகுதி. அந்தக் கசிவில் நிலத்தடி நீர் ஊறிக்கொள்ளும். மேசாணா போன்ற வறண்ட இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த யோசனைக்கு உண்மையான பரீட்சை.

டுண்டிக்குப் பிறகு ஆனந்த் மாவட்டத்து முஜ்குவா ஊரில் தேசியப் பால்வள வாரியத்தின் துணையோடு 11 விவசாயிகள் இதேபோல் சங்கம் வைத்தார்கள். 2018 செப்டம்பரில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். அதே வருஷம் குஜராத் அரசு சூர்யசக்தி கிசான் யோஜனாவை அறிவித்தது. விவசாயி 5 சதவீதம் கட்டினால் போதும், 60 சதவீதம் மானியம், 35 சதவீதம் கடன். முதல் 7 வருஷம் யூனிட்டுக்கு 7 ரூபாய், அதற்கப்புறம் 18 வருஷம் 3 ரூபாய் 50 காசு. சுமார் 12,400 விவசாயிகள் இலக்கு. 2019-இல் மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டம் வந்தது. விவசாயியின் உபரிக் கரண்டை வாங்கும் யோசனை அதில் ஒரு பிரிவாகவே இடம்பெற்றது. ஒரு சிற்றூரில் தொடங்கிய கணக்கு மூன்றே வருஷத்தில் நாட்டின் கொள்கைத் தாளில் ஏறியது.

ஏறியது யோசனைதான். சங்கம் பெரும்பாலும் ஏறவில்லை. அரசுத் திட்டங்கள் தனித்தனி விவசாயியையும் அவர் வயலுக்குக் கரண்ட் வரும் மின்பாதையான ஃபீடரையும் கணக்கில் எடுத்தன. ஊருக்குள் ஒரு சங்கத்தைக் கட்டுவது மெதுவான வேலை, அதற்கு இலக்கு எண் வைக்க முடியாது. இன்னொரு பக்கம் கரண்ட் விலை மாறிவிட்டது. டுண்டி ஒப்பந்தம் போட்ட மறு வருஷமே, 2017 மே மாதம், ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்கா ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது. அதைப் பார்த்த மின் நிறுவனங்கள், விவசாயிக்கு எதற்கு 4 ரூபாய் 63 காசு என்று கேட்டன. பூங்காவின் கரண்ட் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பியில் வர வேண்டும், விவசாயி தன் மானிய இணைப்பை விட்டுக்கொடுக்கிறார், அதில் மிச்சமாகும் பணம் எங்கே போனது என்று திருப்பிக் கேட்க விவசாயிகள் பக்கத்தில் அமுல் போல ஒரு பெரிய அமைப்பு இன்னும் எழவில்லை.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மோட்டார்களுக்குக் கரண்ட் இலவசம். அதைப் பறிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் நடக்காது. ஆனால் மோட்டாரை அரை மணி முன்னால் நிறுத்தும் விவசாயிக்கு நம் ஏற்பாட்டில் ஒரு காசும் கிடையாது. இலவசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எடுக்காமல் விட்ட யூனிட்டுக்குச் சங்கத்தின் மூலம் விலை கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நம் ஊரிலும் தாராளமாகக் கேட்கலாம்.

பலகை கடையில் கிடைக்கும். சங்கத்தைக் கட்டும் வித்தை இந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழகியது. டுண்டியில் புதிதாகப் பிறந்தது, இறைக்காமல் விட்ட தண்ணீருக்கான விலை ஒன்றுதான்; 25 வருஷம் அந்த விலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மின் நிறுவனம் கையெழுத்துப் போட்டதால்தான் அது பிறந்தது. அந்தக் கையெழுத்து கிடைக்காத ஊரில், எத்தனை பலகை நட்டாலும், அது வெறும் இலவசப் பம்ப்தான்.